எட்டாவது கல்

மார்ச் 3, 2025 – திங்கள்

குறைதீர்க்கும் நாள். காலை பத்து மணிக்கே அரியலூர் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மைக் கட்டிவிட்டான் என் பழைய தோழன் அறிவரசன். "நிலமெடுப்புத் தாசில்தார் அம்சவள்ளியே, கம்பெனிக்கு வேலை பார்க்காதே." பேரைச் சொல்லியே கூப்பிடுகிறான். பிறகு அந்தக் கோஷம்: "கொத்தியவன் கை காய்ச்ச மண், கொத்தியவனுக்கே சொந்தம்." அதை எழுதியவள் நான். இருபத்தொரு வயதில், ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு முந்திரிக்காட்டில் உட்கார்ந்து, பீடிக்கட்டு அட்டையின் பின்னால் எழுதிக் கொடுத்தேன். அதையே எடுத்து என் மேல் எறிகிறான் படுபாவி. ஜன்னலைச் சாத்தினேன். சாத்தினாலும் கேட்டது.

உள்ளே வந்தால் வீரம்மாள். கருங்குழிமேட்டுக் கிழக்குத் தெரு. என் வயதுதான் இருக்கும். சிமெண்ட் கம்பெனிச் சுரங்கத்துக்கு எடுக்கிற நிலத்தில் ஆறரை ஏக்கர் தங்கள் தெருவுக்குச் சொந்தம், வெள்ளைக்காரன் காலத்தில் தாழ்த்தப்பட்ட சனத்துக்கென்றே கொடுத்த பஞ்சமி நிலம், அதைப் பண்ணை தன் நிலத்தோடு சேர்த்துக்கொண்டது என்று ஒரே மனுவை வாராவாரம் கொடுக்கிறாள்.

"போன வாரம் குடுத்ததப் படிச்சிங்களா, இல்ல வடை மடிக்கக் குடுத்துட்டிங்களா?" என்றாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மனுவை வாங்கி முத்திரை குத்தினேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 4

ஓய்வுக்கு எண்பத்தெட்டு நாள். எண்ணிக்கொண்டிருக்கிறேன், பள்ளிக்கூடத்துப் பிள்ளை லீவுக்கு எண்ணுவது போல.

மார்ச் 12 – புதன்

பூவரசன் வந்தான். பண்ணை நடராசனின் மகன். ஒரு கூடை ஆப்பிள், ஒரு "அக்கா".

"எல்லாம் பட்டாப்படிதான் அக்கா. அப்பா பேருல இருந்துச்சு, இப்ப எம்பேருல இருக்கு. அந்தத் தெருவுக்காரங்க ஏதோ சொல்வாங்க. ஒரு காகிதம் காட்டச் சொல்லுங்க பாப்போம்."

காகிதம் கிடையாது என்று அவனுக்கும் தெரியும். ஊர் ஊராகப் பட்டாவைப் புதுப்பித்த யு.டி.ஆர். அளவைக்கு முந்தைய கிராம ஏடு இங்கே கரையானுக்குப் போய்விட்டது. சென்னைக்கு எழுதிக் கேட்டதற்கு "உரிய பக்கங்கள் சிதைந்துள்ளன" என்று பதில் வந்திருக்கிறது. 86 ஆடியில் அளவைக்காரர்கள் அந்த ஊருக்கு வந்தபோது வயலில் எல்லைக்கல் ஒன்றுகூட இல்லை. பண்ணை ஆள் கை காட்டிய இடத்தில் சங்கிலி போட்டு, எல்லாவற்றையும் ஒரே எண்ணில் சேர்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

கூடையை எடுத்துப் போகச் சொன்னேன். "வயசான காலத்துல கோவப்படாதிங்க அக்கா" என்றான். எனக்கு வயசாகிவிட்டதென்று இவன் சொல்லித்தான் தெரியவேண்டுமா? இவன் அப்பன் காரில் போகும்போது கல்லெறிந்தவள் நான். குறி தப்பிவிட்டது. அந்த வருத்தம் இன்னும் உண்டு.

மார்ச் 17 – திங்கள்

மனு. முத்திரை. வீரம்மாள் போகும்போது சொன்னாள்: "எங்கப்பா பேரு நல்லதம்பி. அதையாச்சும் ஒழுங்கா எழுதுங்க. போன தடவ ரசீதுல நல்லமுத்துன்னு போட்டுருக்கிங்க."

மார்ச் 28 – வெள்ளி

சர்வேயர் தங்கராசுவோடு கருங்குழிமேடு போனேன். இந்த ஊருக்குள் கால் வைக்கக்கூடாது என்று முப்பத்தொன்பது வருஷம் இருந்தேன். பெரம்பலூர், செந்துறை, உடையார்பாளையம் என்று எங்கெல்லாமோ வேலை பார்த்தேன். இந்தப் பக்கம் மாற்றல் வந்த இரண்டு தடவையும் மெடிக்கல் லீவு போட்டேன். கடைசியில் ஓய்வுக்கு எட்டு மாதம் இருக்கும்போது நிலமெடுப்பில் தூக்கிப் போட்டார்கள், முதல் ஃபைலே இந்த ஊர்.

மண் அப்படியே வெளுப்பாக இருக்கிறது. தூரத்தில் ரெட்டிபாளையம் பக்கத்துச் சிமெண்ட் ஆலைப் புகை. பண்ணைக் கிணறு தூர்ந்து, கருவேலம் மண்டிக் கிடக்கிறது. ஜூன் மாதம் கம்பெனி லாரி வந்து அதை மூடப்போகிறதாம்.

தங்கராசு சின்ன வயசுக்காரர், நல்ல வேலைக்காரர். "இந்தப் பொம்பள சொல்றது உண்மையாத்தான் இருக்கும் மேடம். ஆனா பழைய கல்லு ஒண்ணாவது வேணும். அது எந்த எடத்துல இருந்துச்சுன்னு சொல்ல, இந்தத் தெருவச் சேராத ஒரு ஆளும் வேணும். ரெண்டும் எங்க போயி தேடுறது?" என்றார்.

நான் கிணற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "வெயிலு ஏறுது, வாங்க போவலாம்" என்றேன்.

மார்ச் 29

எழுதிவிடுகிறேன். இயக்கத்தில் இருந்தபோது எதையும் எழுதி வைக்கக்கூடாது என்பது விதி. படித்ததை எரி, பேசியதை மற. அந்த விதி இந்த அரசாங்க டைரிக்குச் செல்லாது.

1986, மே 4, ஞாயிறு. நாங்கள் ஐந்து பேர். யாரும் அந்த ஊர் இல்லை. அளவைக்காரர்கள் வரப்போகிறார்கள், வந்தால் பண்ணை அத்தனை குத்தகைக்காரனையும் வெளியேற்றிவிடும் என்று செய்தி. கல் இல்லாவிட்டால் அளக்க முடியாது, அளக்காவிட்டால் வெளியேற்ற முடியாது – அறிவரசன் கணக்கு இவ்வளவுதான். நானும் தலையாட்டினேன். பண்ணை குடும்பத்தோடு வாலிகண்டபுரம் கோயிலுக்குப் போயிருந்தது. கிழக்குத் தெரு மொத்தமும் கரும்பு வெட்டப் போயிருந்தது. பட்டப்பகலில் கடப்பாரையோடு இறங்கினோம். இருபத்து மூன்று கல். எல்லாவற்றையும் பண்ணைக் கிணற்றில் போட்டோம். போடும்போது சிரித்தோம்.

அதில் எட்டுக் கல் குட்டையாக இருந்தன. தலையில் ஒரு பெருக்கல் குறியும் எண்ணும் வெட்டியிருந்தன. "இது மட்டும் ஏன் வேற மாதிரி இருக்கு?" என்று கேட்டேன். "எல்லாம் பண்ணை கல்லுதான், புடுங்கு" என்றான் அறிவரசன். பிடுங்கினேன்.

கிழக்குத் தெருவில் ஒரு ஆளைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். கேட்கவில்லை. செயலுக்கு முன்னால் மக்களிடம் சொல்லக்கூடாது என்பது எங்கள் இன்னொரு விதி. அவர்களுக்காகத்தான் செய்தோம், அவர்களிடம் மட்டும் கேட்கவில்லை.

பிறகு வேறொரு வழக்கில் திருச்சி ஜெயிலில் பதினாலு மாதம், விடுதலை, பரீட்சை, கிராம நிர்வாக அலுவலர் வேலை. 96இல் சர்வே பயிற்சியில் ஒரு வாத்தியார் பலகையில் பெருக்கல் குறி போட்டு, "இந்தப் பக்கத்துல சில கிராமத்துல பஞ்சமி நிலத்துக் கல்லுக்கு இப்படி வெட்டியிருப்பாங்க" என்றார். நான் பேனாவை மூடி வைத்துவிட்டு வெளியே போனேன், அன்று வகுப்புக்குத் திரும்பவில்லை.

இருபத்தொன்பது வருஷமாகத் தெரியும். தெரிந்துகொண்டே சம்பளம் வாங்கினேன்.

ஏப்ரல் 1

தங்கச்சி மலர்க்கொடியிடம் லேசாகச் சொன்னேன். இட்லி ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியோடு திரும்பினாள். "ஒனக்குப் புத்தி கித்தி பெரண்டு போச்சா? இன்னும் ரெண்டு மாசம் வாயப் பொத்திக்கிட்டு இரு. வேலையில சேரும்போது இதச் சொன்னியான்னு கேப்பான். பென்சன நிறுத்திப்புடுவான். அப்பறம் இந்த வூட்டுலதான் கெடந்து சாவணும், நானும் நீயும் மூஞ்சியப் பாத்துக்கிட்டு."

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதனாலேயே எரிச்சல் வந்தது. இட்லி சாப்பிடவில்லை.

ஏப்ரல் 13 – ஞாயிறு

ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அறிவரசனைப் பார்த்தேன். நானே போன் செய்து வரச் சொன்னேன். தலை முழுக்க நரை, சட்டைப்பையில் மூன்று பேனா. எதற்கு மூன்று?

"நாம ரெண்டு பேரும் எழுதிக் குடுப்போம்" என்றேன். "கல்லப் புடுங்குனது நாமதான். எட்டுக் கல்லு அந்தச் சனத்தோடது. ஒனக்கு வேலையும் இல்ல, பென்சனும் இல்ல. ஒனக்கு என்ன நட்டம்?"

அவன் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான். "அந்தத் தெருவுல பண்ணைதான் கல்லப் புடுங்குனான்னு நம்புறாங்க. நாம பண்ணை கல்லப் புடுங்குனோம், அன்னைக்கே அவன் ஆளுங்க பழிவாங்க அவங்க கல்லப் புடுங்கிட்டாங்க. இந்தக் கதையிலதான் எழுபது குடும்பம் இன்னைக்கும் நம்ம கொடிக்குக் கீழ நிக்குது. அதப் போயி ஒடைக்கச் சொல்றியா அம்சா?"

"கதைய வச்சு நெலம் வாங்க முடியாது."

"போராடி வாங்குவோம்."

"முப்பத்தொம்பது வருசமா வாங்கிக்கிட்டுத்தான இருக்க?"

"நீ சர்க்கார் நாற்காலியில உக்காந்துட்டு எனக்குப் போராட்டம் சொல்லித் தராத" என்றான். டீக்கு நான் கொடுத்த காசைத் திருப்பித் தள்ளிவிட்டு எழுந்துபோனான்.

ஒரு காலத்தில் இவன் சொன்னால் தண்டவாளத்தில் படுத்திருப்பேன். இன்று அவன் முதுகைப் பார்க்கும்போது ஒரு செங்கல் கையில் இருந்தால் தேவலை என்று இருந்தது. கோபம் அவன் மேல் மட்டுமா? ராஸ்கல், நான் இருபத்தொன்பது வருஷம் சொல்லாமல் இருந்த காரணத்தைத்தான் அவனும் வேறு வார்த்தையில் சொன்னான்.

ஏப்ரல் 21 – திங்கள்

மனு. முத்திரை.

ஏப்ரல் 24

மாவட்ட வருவாய் அலுவலர் கூப்பிட்டார். பூவரசன் பேருக்கு இழப்பீட்டு உத்தரவை மே 20க்குள் முடித்துக் கையெழுத்துப் போட்டுவிடச் சொன்னார். "நீங்க போறதுக்கு முன்னாடி முடிச்சுட்டா நல்லது மேடம். புது ஆளு வந்தா மறுபடி மொதல்லேருந்து." சிரித்தபடி சொன்னார். நல்ல மனிதர்தான். அவர் நல்லவராக இருப்பதால் இன்று எனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

மே 4 – ஞாயிறு

போயிருக்கக்கூடாது. போனேன்.

"கல் பிடுங்கிய நாள்" – வருஷாவருஷம் கருங்குழிமேட்டில் நடத்துகிறார்கள். பெரிய பேனர். ஐந்து பேர் போட்டோ போடவேண்டிய இடத்தில் நாலு. என் இடத்தில் ஒரு கடப்பாரைப் படம். பஸ்ஸை விட்டு இறங்கி, புளியமரத்துக்கு அப்பால், முக்காடு போட்டுக்கொண்டு நின்றேன். தலைமறைவாக இருந்தபோது கற்றுக்கொண்டது, இன்னும் மறக்கவில்லை.

அறிவரசன் பேசினான். பண்ணையின் ஆணவத்தைக் கல்லோடு பிடுங்கினோம் என்றான். பிறகு வீரம்மாளை மேடைக்குக் கூப்பிட்டு, ஒரு கடப்பாரையைக் கையில் கொடுத்து உயர்த்திப் பிடிக்கச் சொன்னான். அவள் உயர்த்தினாள். தெருச் சனம் கைதட்டியது. வீரம்மாளும் சிரித்துக்கொண்டு, மற்ற கையால் தொடையில் தட்டினாள். அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

தன் நிலத்தைப் பிடுங்கியதற்கு அவளே கைதட்டுகிறாள்.

பஸ்ஸில் ஜன்னல் சீட்டு. பெரம்பலூர் வீடு வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். தாடை வலிக்கிறது.

மே 5

எழுதிவிட்டேன். நாலு பக்கம். என் கையெழுத்தில், ஃபைல் எண் போட்டு. எத்தனை பேர், எந்த நாள், எந்தக் கிணறு, எத்தனை கல், எட்டுக் கல்லில் என்ன குறி. "மேற்படி செயலில் நானும் பங்கு கொண்டேன். பணியில் சேரும்போது இதைத் தெரிவிக்கவில்லை." மற்றவர் பேரை எழுதவில்லை. அறிவரசனே சொல்லட்டும், நான் காட்டிக்கொடுக்கப் பழகவில்லை. ஜெயிலில் அடித்தபோதே சொல்லாததை இப்போது ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு சொல்வேனா?

தியாகம் ஒரு மண்ணும் இல்லை. பாதி, அவன் கை மைக்கைப் பிடுங்கவேண்டும் என்ற ஆத்திரம். மீதி என்னவென்று தெரியவில்லை.

மாவட்ட வருவாய் அலுவலர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இத நான் பாக்கலன்னு வச்சுக்கலாம் மேடம். எடுத்துட்டுப் போங்க."

"பதிவேட்டுல ஏத்திட்டேன் சார்" என்றேன். ஏற்றிவிட்டுத்தான் அவரிடம் போயிருந்தேன். என் குணம் எனக்குத் தெரியும். யாராவது ஒரு நல்ல வார்த்தை சொன்னால் திருப்பி எடுத்துக்கொண்டு வந்திருப்பேன்.

மே 12 – திங்கள்

வீரம்மாள் மனுவோடு வந்தாள். முத்திரை குத்தவில்லை. எதிரே நாற்காலியில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நின்றபடியே கேட்டாள்.

சொன்னேன். எல்லாவற்றையும். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அவள் மேஜை மேல் இருந்த முத்திரைக்கட்டையை ஓரமாகத் தள்ளினாள்.

"எங்கப்பன் ஒவ்வொரு வருசமும் நாங்க ஏர் ஓட்டயில கூட வந்து கல்லத் தேடுனாரு. பண்ணை ஆளுங்க சிரிச்சாங்க. நட்ட கல்லு நடந்தா போயிடும் நல்லதம்பின்னு கேட்டாங்க. அதுக்கப்பறம் பண்ணை உள்ள எறங்க விடல. வரப்புல நின்னு கண்ணாலயே தேடுனாரு. சாவற வரைக்கும் தேடுனாரு." குரல் ஏறவில்லை. "நீயா?"

இத்தனை மாதமும் "ங்க" போட்டுப் பேசியவள்.

"ஆமா."

"போன வாரம் என் கையில கடப்பாரையக் குடுத்துத் தூக்கச் சொன்னான் அவன். நீ எங்க இருந்த?"

"புளியமரத்துக்கிட்ட."

மேஜை மேல் இருந்த மனுவை எடுத்து மடித்து, ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள். திட்டியிருக்கலாம். திட்டினால் பதில் திட்டு என்னிடம் எப்போதும் இருக்கும். அதற்கு இடமே கொடுக்கவில்லை.

மே 14

ஆபீஸ் வாசலில் மைக் இல்லை. ஏன் என்று தங்கராசு சொன்னார். நேற்று கிழக்குத் தெருப் பெண்கள் அறிவரசன் வீட்டு முன்னால் போய் நின்றார்களாம். அவன் பின்பக்கமாகத் திருச்சிக்குப் பஸ் ஏறிவிட்டானாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. சாயங்காலம் வரைக்கும் நன்றாக இருந்தது.

மே 21 – புதன்

கிணற்றைத் தூர் வாரினார்கள். மாவட்ட வருவாய் அலுவலர் உத்தரவு – அவரே வந்து குடை பிடித்துக்கொண்டு நின்றார். பூவரசன் வக்கீலோடு வந்திருந்தான். முதல் நாள் வெறும் சேறு, செருப்பு, ஒரு சைக்கிள் ரிம். இன்று பதினொரு மணிக்கு முதல் கல். மூன்று மணிக்குள் இருபத்து மூன்றும் மேலே வந்துவிட்டன. எட்டுக் கல் குட்டை. தண்ணீர் ஊற்றிக் கழுவியதும் பெருக்கல் குறி தெரிந்தது.

"கெணத்துல யாரு வேணா கல்லப் போடலாம்" என்றான் பூவரசன்.

"போட்ட ஆளே நிக்கிறாங்கல்ல சார்" என்றார் தங்கராசு.

இப்போது அவன் என்னை அக்கா என்று கூப்பிடுவதில்லை. பெரிய நிம்மதி.

மே 27

பிரிவுபசார விழாவுக்கு யாரும் பேச்சே எடுக்கவில்லை. ஆபீசில் எல்லோரும் என்னைக் கண்டதும் கம்ப்யூட்டரைப் பார்க்கிறார்கள்.

மே 30 – வெள்ளி

சாயங்காலம் ஐந்து நாற்பதுக்குக் கவர் வந்தது. தற்காலிகப் பணி நீக்கம். நாளை ஓய்வு பெற அனுமதி இல்லை, விசாரணை முடியும்வரை பணியில் வைத்து, சம்பளமில்லாமல் நிறுத்தி – எப்போதும் எழுதுகிற அதே வாசகம். இதேமாதிரி கவரை நானே இரண்டு பேருக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன், கடைசி நாளுக்கு முதல் நாள் சாயங்காலம், அதே நேரம். கொடுத்த பையன் கண் கலங்கினான். "அழாதப்பா, கையெழுத்து எங்க போடணும் காட்டு" என்றேன்.

மலர்க்கொடி கவரைப் படித்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். சோறு மட்டும் போட்டாள். ரசத்தில் உப்பு இல்லை; சொல்லத் தைரியம் வரவில்லை.

ஜூன் 19

பூவரசன் பேருக்கான உத்தரவு நிறுத்தி வைக்கப்பட்டுவிட்டது. பேப்பரில் மூன்று வரி. என் பேர் "முன்னாள் தீவிரவாதி" என்று வந்திருக்கிறது. அறிவரசன் திருச்சியிலிருந்து அறிக்கை விட்டிருக்கிறான்: கல் கிடைத்தது அவர்கள் போராட்டத்தின் வெற்றியாம். படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். மலர்க்கொடி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

ஜூலை 16 – புதன்

ஸ்தல விசாரணை. சாட்சியாக வரச் சொல்லி நோட்டீஸ். முதல் தடவையாக இந்த ஆபீஸ் ஜீப்புக்குப் பின்னால் பஸ்ஸில் போனேன்.

எட்டுக் கல்லையும் வண்டியில் ஏற்றி வந்திருந்தார்கள். ஒவ்வொன்றும் எங்கே இருந்தது என்று நான் காட்டவேண்டும். கிழக்குத் தெரு மொத்தமும் வரப்பில் நின்றது. யாரும் எனக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை. மூலைப் பனைமரம், வாய்க்கால் திருப்பம், மேட்டுப் பாறை – கால் தானாகப் போயிற்று. ஏழு இடம் காட்டினேன். தங்கராசு அளந்து பார்த்து, ஏழும் கணக்குக்கு ஒத்து வருகிறது என்றார்.

எட்டாவது வரவில்லை. இரண்டு தடவை நடந்தேன். மூன்றாவது தடவையும். பூவரசனின் வக்கீல் சிரித்தார். "சாட்சிக்கு ஞாபகம் இல்லைன்னு எழுதிக்குங்க." முப்பத்தொன்பது வருஷம் இந்த வயலைத் தவிர வேறெதையும் கனவில் கண்டதில்லை, ஒரு கல் எங்கே போயிற்று?

அப்போது வீரம்மாள் வரப்பிலிருந்து இறங்கி வந்தாள். என்னைத் தாண்டிப் போய், வாய்க்காலிலிருந்து இருபதடி தள்ளி, ஒரு இடத்தில் குதிகாலால் மிதித்தாள்.

"இங்க."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் தங்கராசு. அவர் நாடா பிடித்தார். ஒத்து வந்தது.

"கல்லப் புடுங்குனவங்க குழிய மூடல. அன்னைக்குப் பொழுது சாய, தலையில கரும்புத் தோகைக் கட்டோட வந்த எங்கப்பன் இதுக்குள்ள கால வச்சாரு. வலது முட்டி ஒடஞ்சுபோச்சு. ரெண்டு நாளு பண்ணை மாட்டுக்கொட்டாயில கெடந்தாரு. அதுக்கப்பறம் நேரா நடக்கவே இல்ல. நான்தான் தோளு குடுத்து இழுத்துக்கிட்டு வருவேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "எல்லாத்தையும் எழுதிக் குடுத்தேன்னு சொன்னியே. இத எழுதுனியா?"

"தெரியாது" என்றேன். எட்டாவது கல்லைப் பிடுங்கியது நான்தான். கடைசிக் கல், கை வலித்தது, மண்ணைத் தள்ளாமல் ஓடிவந்துவிட்டேன். அதுதான் மறந்துபோன இடம்.

"இப்பத் தெரிஞ்சுச்சுல்ல" என்றாள். "எழுது. அதையும் எழுதிக்க."

இப்போது என்னிடம் ஃபைல் இல்லை, முத்திரை இல்லை. இந்த டைரி மட்டும் இருக்கிறது.

நல்லதம்பி, கருங்குழிமேடு கிழக்குத் தெரு. வலது முட்டி. 4.5.1986, பொழுது சாய. குழியை விட்டுவிட்டு வந்தவள் அம்சவள்ளி.